தாலி கட்டும் நொடி திக்கித் திக்கி ஓடுகிறதா? ஸ்லோ மோஷன் சூட்சுமம் இதுதான்!

கல்யாணம் முடிந்த மறுநாள். ஸ்டூடியோக்காரரிடமிருந்து வீடியோ வர இன்னும் ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். அதுவரை ஸ்டேட்டஸ் வைக்காமல் இருக்க முடியுமா? வீட்டில் லேப்டாப்பும் கையுமாக இருக்கும் கல்லூரிப் பையனைத்தான் மொத்த சொந்தமும் தேடிப் பிடிக்கும்.

"தம்பி, தாலி கட்டுற இடத்தை மட்டும் சினிமாவுல வர்ற மாதிரி ஸ்லோவா போட்டுக் குடுப்பா" என்பார் சித்தி.

"அதுக்கென்ன சித்தி, அஞ்சு நிமிஷ வேலை" என்று உட்காருவான் அவன். போனில் எடுத்த வீடியோவை எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டு, வேகம் என்ற இடத்தில் 25 சதவிகிதம் என்று மாற்றுவான். படம் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் வழுக்கிக்கொண்டு ஓடாது, திக்கும். மாப்பிள்ளையின் கை ஓரிடத்தில் நின்று, டக்கென்று அடுத்த இடத்துக்குத் தாவும். அட்சதை அந்தரத்தில் உறைந்து உறைந்து விழும். பார்த்துவிட்டு, "என்னப்பா, நெட் ஸ்லோவா இருக்கா?" என்பார் சித்தி.

நெட்டும் சரி, லேப்டாப்பும் சரி, பையனும் சரி. கணக்குதான் இடிக்கிறது.

பெரும்பாலான போன்கள் வழக்கமான வீடியோவை நொடிக்கு 30 படங்களாக எடுக்கின்றன. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைத்தான் எஃப்.பி.எஸ் என்கிறார்கள். இந்த வீடியோவை 25 சதவிகித வேகத்துக்குக் குறைத்தால் ஒரு நொடி நான்கு நொடியாக நீளும். நான்கு நொடிக்கு 120 படங்கள் வேண்டும். கையில் இருப்பதோ 30. மீதி 90 படங்களுக்கு சாஃப்ட்வேர் எங்கே போகும்? இருக்கிற ஒவ்வொரு படத்தையும் நான்கு முறை காட்டி ஒப்பேற்றும். கண்ணுக்குத் தெரியும் திக்கல் இதுதான்.

சினிமாவில் இந்தப் பிரச்னையைக் கேமராவிலேயே தீர்த்தார்கள். கையால் கைப்பிடியைச் சுற்றிப் படம் எடுத்த காலத்தில், வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் ஒரு நொடியில் அதிகப் படங்கள் பதிவாகும். அதை வழக்கமான வேகத்தில் திரையிட்டால் காட்சி மெதுவாக நகரும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு கருவியை உருவாக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த அகஸ்ட் முஸ்கர். அவர் ஒரு பாதிரியார் என்பது கூடுதல் சுவாரஸ்யம். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, விதி மாறவில்லை. மெதுவாகக் காட்ட வேண்டுமென்றால் வேகமாக எடுத்திருக்க வேண்டும்.

போன்களில் இது பரவலாகப் பேசப்பட்டது 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்குப் பிறகுதான். அது நொடிக்கு 120 படங்கள் எடுத்தது. அடுத்த ஆண்டே ஐபோன் 6 அதை 240 ஆக்கியது. 2018-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்9, கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் 960 என்றது. இன்று நடுத்தர விலை போன்களிலும் 120 சகஜம். அப்படியானால் 240-ல் வைத்து மொத்தக் கல்யாணத்தையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்ததா?

மண்டபத்து விளக்குகள் அதற்கு விடாது!

விளக்கு துடிப்பது கேமராவுக்குத் தெரியும்

முகூர்த்தம் அதிகாலையில், அதுவும் மண்டபத்துக்குள். வெளிச்சம் எல்லாம் டியூப் லைட், எல்.இ.டி, சீரியல் பல்புதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் இந்த விளக்குகளில் பலவும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. நொடிக்கு 120 அல்லது 240 படங்கள் எடுக்கும் கேமராவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு படத்தில் வெளிச்சம், அடுத்ததில் மங்கல். 120-ல் எடுத்ததை நான்கு மடங்கு மெதுவாக்கினால், நொடிக்கு ஐந்து முறை மணப்பெண்ணின் முகம் பளிச்சிட்டு மங்கும். ஆளில்லாத வீட்டில் கெட்டுப்போன டியூப் லைட் மினுக்குவதுபோல இருக்கும்.

இதற்கு மருந்து ஷட்டர் வேகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா 1/100 நொடி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டால், விளக்கின் ஒரு முழுத் துடிப்பும் அதற்குள் அடங்கிவிடும். எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும், மினுக்கல் போய்விடும். ஆனால் நொடிக்கு 120 படங்கள் எடுக்கும்போது ஒரு படத்துக்குக் கிடைக்கும் மொத்த நேரமே 1/120 நொடிதான். அதற்குள் 1/100 நொடி எப்படி நுழையும்? 240-ல் நிலைமை இன்னும் மோசம். போதாக்குறைக்கு, படத்துக்குக் கிடைக்கும் வெளிச்சமும் குறைந்து, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

60 எஃப்.பி.எஸ்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு படத்துக்கு 1/60 நொடி இருக்கிறது. 1/100 அதில் தாராளமாக அடங்கும். ஆகவே மண்டபத்துக்குள் தாலி கட்டுவதை எடுக்கப்போகும் போனில் வைக்க வேண்டிய கணக்கு இதுதான்: 60 எஃப்.பி.எஸ், ஷட்டர் 1/100. சாம்சங் போன்களில் இருக்கும் ப்ரோ வீடியோ என்ற பகுதியில் ஷட்டரைக் கையால் மாற்றலாம். ஐபோனின் சொந்தக் கேமரா அதற்கு இடம் கொடுக்காது. பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொண்டால் அதில் மாற்றலாம். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் அது வேலை செய்யும்.

எல்லா எல்.இ.டி-யும் துடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. நல்ல தரமான விளக்குகள் சில சீராக எரியும். சில மலிவு விளக்குகள் வேறு கணக்கில் துடித்து 1/100-க்கும் அடங்காமல் அடம்பிடிக்கும். முதல் நாள் மாலை ரிசப்ஷன் நடக்கும்போதே மேடையைப் பத்து நொடி எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். காலையில் கெட்டிமேளம் கொட்டும்போது மெனுவில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முகூர்த்தத்துக்கு ரீடேக் கிடையாது.

கோயில் வாசலில், திறந்தவெளியில், பகல் வெளிச்சத்தில் கல்யாணம் என்றால் கதையே வேறு. சூரியன் துடிப்பதில்லை. 120, 240 எல்லாவற்றையும் அங்கே விளையாடிப் பார்க்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம். வெளிச்சம் குறையும்போது தானாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் சில போன்களுக்கு உண்டு. செட்டிங்ஸில் ஆட்டோ எஃப்.பி.எஸ் என்று இருந்தால் அணைத்துவிடுவது நல்லது. 60 என்று நம்பி எடுத்துவிட்டு, வீட்டில் வந்து பார்த்தால் முக்கியமான இடத்தில் மட்டும் படங்கள் குறைந்திருக்கும் கொடுமை அதனால்தான்.

50 சதவிகிதமா, 40 சதவிகிதமா?

60-ல் எடுத்தும் சிலருக்குத் திக்குகிறது. அங்கே தவறுவது டைம்லைன். எடிட்டிங் சாஃப்ட்வேரில் கிளிப்புக்கு ஒரு எஃப்.பி.எஸ் இருப்பதுபோல, அதை வைத்து வெட்டி ஒட்டும் டைம்லைனுக்கும் தனியாக ஒன்று உண்டு. டைம்லைன் 60 என்று இருந்தால், 60-ல் எடுத்த கிளிப்பை எவ்வளவு மெதுவாக்கினாலும் பழைய பற்றாக்குறைதான். டைம்லைன் 30 என்று இருந்தால், 60-ல் எடுத்ததைச் சரியாக 50 சதவிகிதத்துக்குக் குறைக்கலாம். எடுத்த ஒவ்வொரு படமும் ஒரே ஒரு முறை வரும், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடும். சினிமாத்தனம் வேண்டும் என்று டைம்லைனை 24-ல் வைப்பவர்கள் 40 சதவிகிதம் போட வேண்டும். அவர்கள் 50 என்று போட்டால் சில படங்கள் விட்டுப்போகும், அதுவும் ஒரே சீராக இல்லாமல். திக்கல் லேசாகத்தான் இருக்கும், ஆனால் கண் உறுத்தும்.

கணக்கு சுலபம். டைம்லைன் எண்ணைக் கிளிப்பின் எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால், பாதுகாப்பாக இறங்கக்கூடிய அளவு கிடைக்கும். 30 டைம்லைனில் 120 கிளிப் என்றால் 25 சதவிகிதம். 240 கிளிப் என்றால் 12.5. "சும்மா ஒரு 35 போட்டுப் பார்ப்போமே" என்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

இந்தக் கணக்குகூட வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. டாவின்ச்சி ரிசால்வ் என்ற சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பே வீட்டு வேலைக்குப் போதும். அதில் கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, கிளிப் ஆட்ரிபியூட்ஸ் என்ற இடத்தில் 60 என்பதை 30 என்று மாற்றிவிட்டால், அந்தக் கிளிப் தானாகவே பாதி வேகத்தில் ஓடும். அடோபி பிரீமியரில் இதற்கு இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் என்று பெயர். ரிசால்வில் ஒரு எச்சரிக்கை: டைம்லைனை உருவாக்கிய பிறகு அதன் எஃப்.பி.எஸ்ஸை மாற்ற விடாது. முதலிலேயே 30-ஆ, 24-ஆ என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

முப்பதில்தான் எடுத்தாயிற்று... இனி?

நிஜத்தில் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கல்யாணம் முடிந்துவிட்டது. இருப்பது 30 எஃப்.பி.எஸ்ஸில் எடுத்த ஒரே ஒரு வீடியோ. அதையும் கூட்டத்தில் கையை உயர்த்தி யாரோ ஒரு மாமா எடுத்தது. இதைத் தேற்ற முடியுமா? ஓரளவுக்கு முடியும்.

இல்லாத படங்களை நிரப்ப சாஃப்ட்வேருக்கு மூன்று வழிகள் தெரியும். முதல் வழி, இருக்கிற படத்தையே திரும்பக் காட்டுவது. எதையும் மாற்றாமல் விட்டால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். இரண்டாவது, ஃபிரேம் பிளெண்டிங். முன்னால் இருக்கும் படத்தையும் பின்னால் இருக்கும் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேசாகக் கலந்து இடையில் வைக்கும். திக்கல் குறையும், ஆனால் கைக்குப் பக்கத்தில் ஆவிபோல இன்னொரு கை தெரியும். மூன்றாவது, ஆப்டிகல் ஃப்ளோ. இந்தப் படத்தில் இங்கே இருந்த விரல் அடுத்த படத்தில் அங்கே இருக்கிறது, அப்படியானால் நடுவில் இந்த இடத்தில் இருந்திருக்கும் என்று புள்ளி புள்ளியாக ஊகித்துப் புதுப் படத்தையே வரைந்துவிடும். இதன் அடிப்படைக் கணக்குகள் 1981-லேயே ஆய்வுக் கட்டுரைகளாக வந்துவிட்டன. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த வேலையைச் செய்யும் தெம்பு வரத்தான் காலம் பிடித்தது.

ரிசால்வில் இன்ஸ்பெக்டர் பகுதியில் ரீடைம் ப்ராசஸ் என்ற இடத்தில் ஆப்டிகல் ஃப்ளோ என்று தேர்ந்தெடுத்து, அதற்குக் கீழே மோஷன் எஸ்டிமேஷன் என்பதில் என்ஹான்ஸ்டு பெட்டர் என்று வைக்க வேண்டும். இதைவிட மேலான ஸ்பீட் வார்ப், காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் மட்டும் உண்டு. பிரீமியரில் ஸ்பீட் டியூரேஷன் பெட்டிக்குள் டைம் இன்டர்போலேஷன் என்ற இடத்தில் இதே பெயர் இருக்கும். அங்கே தேர்வு செய்தவுடன் பலன் தெரியாது, ஒரு முறை ரெண்டர் செய்ய வேண்டும். செய்யாமலேயே "ஒண்ணும் மாறலையே" என்று கைவிட்டவர்கள் ஏராளம்.

அது ஊகம்தான் என்பதை மறக்கக் கூடாது. ஒரு பொருள் தனியாக, தெளிவாக, மற்றொன்றை மறைக்காமல் நகர்ந்தால் ஊகம் அருமையாகப் பலிக்கும். மணப்பெண் தலை நிமிர்வது, அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வது, ஆரத்தித் தட்டு மெல்லச் சுற்றுவது எல்லாம் அழகாக வரும். தாலி கட்டும் நொடியோ அதற்கு நேர் எதிர். மாலைக்குள் கை நுழைகிறது. நான்கைந்து விரல்கள் ஒன்றையொன்று தாண்டுகின்றன. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, அடுத்த முடிச்சுக்கு நாத்தனாரின் கை குறுக்கே வருகிறது. அதற்கு மேல் நூறு திசையிலிருந்து அட்சதையும் பூவும் மழையாகக் கொட்டுகின்றன. எந்த அரிசி எங்கே போனது என்று சாஃப்ட்வேர் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒரு அரிசி இன்னொன்றில் கரைந்து, விரல்கள் ரப்பர்போல வளைந்து, பட்டுப்புடவையின் கட்டம் போட்ட பார்டர் நெளிந்து... நிறுத்திப் பார்த்தால் பயமாகக்கூட இருக்கும்.

அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. பேராசையைக் குறைத்தால் போதும். 25 சதவிகிதம் வேண்டாம், 50-ல் நிறுத்தினால் ஒரு நிஜப் படத்துக்கு ஒரு ஊகப் படம்தான் தேவைப்படும். 25-க்குப் போனால் ஒன்றுக்கு மூன்று. மொத்தக் காட்சியையும் மெதுவாக்காமல், கை உயரும் வரை வழக்கமான வேகத்தில் விட்டு, தாலி கழுத்துக்குப் போகும் இரண்டு நொடியை மட்டும் மெதுவாக்கலாம். விரல்கள் நெளியும் இடம் வந்ததும் பெண்ணின் அப்பா முகத்துக்கு வெட்டிவிடலாம். அப்பாக்கள் அந்த நேரத்தில் அசையாமல் நிற்பார்கள், ஆப்டிகல் ஃப்ளோவுக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை! அட்சதை கரையும் அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபிரேம் பிளெண்டிங்குக்கு மாறிக்கொள்வதும் நல்ல யோசனை. அரிசி மழையில் ஆவித் தடம் யார் கண்ணையும் உறுத்தாது, அழகாகக்கூட இருக்கும்.

உண்மையைச் சொன்னால், மூன்று முடிச்சையும் ஸ்லோ மோஷனில் காட்டும் வீடியோக்களை வீட்டு ஆட்களே முழுதாகப் பார்ப்பதில்லை. முதல் முடிச்சு போதும்.

இவ்வளவு செய்தும் விட்டு விட்டுத் திக்குகிறது, சத்தமும் உதடும் ஒட்டவில்லை என்றால், போனின் இன்னொரு குணம் காரணமாக இருக்கலாம். போன்கள் நொடிக்கு 30 என்று சொன்னாலும் எல்லா நொடியிலும் அதே சீராக எடுப்பதில்லை. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். எடிட்டிங் சாஃப்ட்வேர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒத்துக்கொள்ளாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் வீடியோவைப் போட்டு, கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்று தேர்வு செய்து மாற்றி எடுத்துக்கொண்ட பிறகு எடிட்டிங்கைத் தொடங்கினால் பாதித் தலைவலி தீரும்.

மேளச் சத்தத்தை மெதுவாக்க வேண்டாம்

படத்தோடு சேர்த்துச் சத்தத்தையும் பாதி வேகத்துக்கு இழுத்தால் கெட்டிமேளம் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பதுபோல ஆகிவிடும். கிளிப்பிலிருந்து ஆடியோவைப் பிரித்து, மேளத்தை அதன் சொந்த வேகத்திலேயே அடியில் ஓடவிடுவதுதான் சரி. படம் மெதுவாக, மேளம் முழு வேகத்தில்! கேட்க முரணாக இருந்தாலும், பார்க்கும்போது மயிர்க்கூச்செறியும். ஸ்லோ மோஷனில் வைத்து எடுக்கும்போது சில போன்கள் சத்தத்தையே பதிவு செய்வதில்லை என்பதால், பக்கத்தில் இன்னொருவர் வழக்கமான வேகத்தில் எடுத்துக்கொண்டிருப்பது நல்லது. நல்ல சத்தத்துக்கு அது உதவும், அவசரத்துக்கு மாற்று ஷாட்டாகவும் ஆகும்.

இப்போது சில போன்கள் இந்த ஊக வேலையைத் தாங்களே செய்கின்றன. 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24-ல், சாதாரணமாக எடுத்த வீடியோவை கேலரியில் ஓடவிட்டு விரலால் அழுத்திப் பிடித்தாலே ஏ.ஐ இடையில் படங்களை உருவாக்கி மெதுவாக்கிக் காட்டுகிறது. கல்யாண வீட்டில் இது ரசிக்கத்தக்க வசதி. சண்டை, விபத்து, வாசல் கேமராவில் பதிந்த திருட்டு போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்துவது ஆபத்து. அங்கே இடையில் தெரியும் கை யாரும் நீட்டாத கையாக இருக்கலாம். போலீஸிடமோ இன்சூரன்ஸ்காரரிடமோ கொடுப்பதற்கு, எந்த எடிட்டிங்கும் தொடாத அசல் கோப்புதான் சரி.

நிஜப் படங்களே ஆனாலும் மெதுவாக்கினால் பார்ப்பவர் மனசு மாறும். 2016-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, ஒரு வன்முறைக் காட்சியை ஸ்லோ மோஷனில் பார்த்தவர்கள், வழக்கமான வேகத்தில் பார்த்தவர்களைவிட, செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று அதிகம் நினைத்ததாகச் சொல்கிறது. யோசிக்க அவருக்கு நிறைய நேரம் இருந்ததுபோன்ற மயக்கம் அது. கல்யாண வீடியோவுக்கும் இது பொருந்தக்கூடும். சம்பந்தியம்மா தற்செயலாகத் திரும்பிப் பார்த்த அரை நொடி, நான்கு நொடியாக நீளும்போது முறைப்பாகத் தெரிந்தால் பதில் சொல்வது யார்? குரூப்பில் போடுவதற்கு முன் மேடையில் ஓரமாக நிற்பவர்களின் முகங்களையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

மாமாவின் போனிலிருந்து வீடியோவை வாங்கும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பச் சொல்ல வேண்டாம். அளவைச் சுருக்கித்தான் அது அனுப்பும், சுருங்கிய படத்தில் ஆப்டிகல் ஃப்ளோவின் ஊகங்கள் இன்னும் மோசமாகும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லலாம், கேபிள் போட்டு எடுத்தால் இன்னும் உத்தமம். ஸ்லோ மோஷனில் எடுத்ததைப் பகிரும்போது சில போன்கள் 30 எஃப்.பி.எஸ் வீடியோவாக மாற்றிக் கொடுத்துவிடும் என்பதால், வாங்கிய கையோடு கோப்பின் விவரத்தைத் திறந்து ஃபிரேம் ரேட் என்ன என்று பார்த்துவிட வேண்டும். அதில் 60 அல்லது 120 என்று இருந்தால் சித்தி கேட்டது கிடைக்கும். 30 என்று இருந்தால், மாமா தன் போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் அழிப்பதற்குள் இன்னொரு முறை அவர் வீட்டுக்குப் போய்வர வேண்டியதுதான்.